நெஞ்சில் ஒரு காமிரா



கொச்சிக்குப் பிழைக்க வந்த தமிழர்களுக்கு வைட்டிலாவைத் தெரியும். பஸ்ஸை விட்டு இறங்குவதும் இங்கேதான். ஊருக்குப் பஸ் ஏறுவதும் இங்கேதான். தலைக்கு மேலே மேம்பாலம். அது 2021 ஜனவரியில் திறந்தது. பக்கத்தில் பெரிய பஸ் நிலையம். மெட்ரோ ரயில் ஒரு பக்கம். காயலில் படகு ஒரு பக்கம். இத்தனைக்கும் நடுவில் போக்குவரத்துக் காவலர் வெயிலில் நிற்கிறார்.

ஒரு மாலை நேரத்தை மனதில் நினைத்துப் பாருங்கள். கட்டட வேலை முடிந்து ஒருவர் வண்டியில் வருகிறார். காவலர் கை காட்டி நிறுத்துகிறார். அவர் மலையாளத்தில் கேட்கிறார். இவர் தமிழில் பதில் சொல்கிறார். ஒரு சொல்லுக்கு மறு சொல். பேச்சு தடிக்கிறது. கொஞ்ச நேரத்தில் கைகலப்பு.

"காவலர் என்னை அடித்தார்" என்கிறார் தொழிலாளி.

"இவன்தான் என் சட்டையைப் பிடித்தான்" என்கிறார் காவலர்.

வேடிக்கை பார்த்த கூட்டம் கலைந்து போய்விட்டது. யாருக்கும் கோர்ட்டுக்கு வர நேரம் இல்லை. இரண்டு பேர் சொல்லில் எது எடுபடும்? காக்கிச் சட்டை போட்டவரின் சொல்தான் எடுபடும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

இந்த இடத்தில்தான் காமிரா வருகிறது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி. காவலர் அதைத் தன் சட்டையில், நெஞ்சுப் பக்கம் மாட்டிக்கொள்கிறார். எதிரில் நடப்பதை அது படம் பிடிக்கும். பேச்சையும் பதிவு செய்யும். இங்கிலாந்தில் பிளிமத் என்ற ஊரில் 2005, 2006 ஆண்டுகளில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். பிறகு பல நாடுகளுக்குப் பரவியது. நம் நாட்டில் சென்னை, ஐதராபாத் போன்ற நகரங்களில் போக்குவரத்துக் காவலர்கள் இதை அணிந்திருக்கிறார்கள். கேரளப் போலீசாரும் இதைப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறார்கள்.

எல்லாக் காவலர்களும் இதை அணிய வேண்டுமா? இதுதான் கேள்வி.

முதலில் காவலர் பக்கத்தைக் கேட்போம். அவரும் மனிதர்தான். காலை முதல் புகையிலும் தூசியிலும் நிற்கிறார். குடித்துவிட்டு வருபவர் கெட்ட வார்த்தை பேசுகிறார். பணக்காரர் வீட்டுப் பிள்ளை, "நான் யார் தெரியுமா?" என்கிறார். மறுநாள் அந்தப் பிள்ளையே, காவலர் லஞ்சம் கேட்டார் என்று புகார் எழுதுகிறார். காமிரா இருந்தால் பொய்ப் புகார் நிற்காது. ஆகவே, காவலர்களில் பலர் இதை விரும்பவும் செய்கிறார்கள். டீ குடிப்பதையும் படம் பிடிக்குமோ என்று சிலர் சலித்துக்கொள்வதும் உண்டு. அது நியாயமான சலிப்புதான்.

காமிரா மாட்டினால் அடி குறையுமா? அமெரிக்காவில் ரியால்ட்டோ என்ற சிறிய நகரில் 2012-இல் சோதித்தார்கள். காவலர்மேல் வந்த புகார்கள் வெகுவாகக் குறைந்தன. காவலர்கள் கை ஓங்குவதும் குறைந்தது. உலகம் முழுவதும் இதைப் பற்றிப் பேசினார்கள். பிறகு அந்த நாட்டின் தலைநகர் வாஷிங்டனில் 2,000-க்கும் மேற்பட்ட காவலர்களை வைத்துப் பெரிய சோதனை நடந்தது. அதன் முடிவு 2017-இல் வந்தது. காமிரா அணிந்தவர்களுக்கும் அணியாதவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை!

ஏன் இப்படி? இதற்குப் பதிலைத் தேடி அமெரிக்கா வரை போக வேண்டாம். வைட்டிலாவிலிருந்து சில கிலோமீட்டர் போனால் போதும்.

எர்ணாகுளம் நார்த் போலீஸ் ஸ்டேஷன். 2024 ஜூன் மாதம். போலீசார் வெளியில் சிலரைப் பிடிக்கிறார்கள். அதை ஒருவர் தம் செல்போனில் படம் எடுத்தார். போலீசார் அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். சேதி கேட்டு அவருடைய மனைவி ஸ்டேஷனுக்கு ஓடி வந்தார். அவர் அப்போது கர்ப்பமாக இருந்தார். ஸ்டேஷன் அதிகாரி தன்னைக் கன்னத்தில் அறைந்தார் என்று அந்தப் பெண் சொன்னார். அவர் சொன்னது எடுபடவில்லை.

ஆனால் அந்த ஸ்டேஷன் சுவரில் காமிரா இருந்தது. அதில் பதிவானதைத் தாருங்கள் என்று கேட்டார்கள். கிடைக்கவில்லை. கேரள உயர் நீதிமன்றம் வரை போனார்கள். 2025 டிசம்பரில்தான் படம் வெளியே வந்தது. அதிகாரி கை ஓங்குவதும் அறைவதும் அதில் தெரிந்தது. உடனே அவரைப் பணியிலிருந்து இடைநீக்கம் செய்தார்கள். பிறக்க இருந்த குழந்தை அதற்குள் பிறந்து வளர்ந்துவிட்டது.

செல்போனில் படம் எடுத்தது குற்றமா? கேரளத்துக்கு என்று 2011-இல் ஒரு போலீஸ் சட்டம் வந்தது. அதன் 33-ஆம் பிரிவைப் பாருங்கள். போலீஸ் செய்யும் காரியத்தைப் பொதுமக்கள் சட்டப்படி படம் எடுத்தால், எந்தக் காவலரும் தடுக்கக் கூடாது என்று அது சொல்கிறது. இதை அறிந்தவர்கள் மிகக் குறைவு. வேலையின் குறுக்கே போய் நிற்காமல், சற்றுத் தள்ளி நின்று எடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

இன்னொரு ஊர், குன்னங்குளம். திருச்சூர் மாவட்டம். 2023 ஏப்ரல் 5-ஆம் தேதி. சாலை ஓரம் நின்ற நண்பர்களைப் போலீசார் மிரட்டினார்கள். ஏன் என்று கேட்டார் சுஜித் என்ற இளைஞர். அவர் இளைஞர் காங்கிரஸின் உள்ளூர்த் தலைவர். அவரை ஜீப்பில் ஏற்றி ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அடித்தார்கள். குடித்திருந்தார் என்று வழக்கு எழுதினார்கள். டாக்டர் சோதித்தபோது அவர் குடிக்கவில்லை என்று தெரிந்தது. அடியில் அவருடைய காது கெட்டுப்போனது.

அங்கேயும் காமிரா இருந்தது. சுஜித் சும்மா இருக்கவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனு எழுதினார். தர முடியாது என்றார்கள். மாநிலத் தகவல் ஆணையத்துக்குப் போனார். படத்தைக் கொடுக்கும்படி ஆணையம் உத்தரவிட்டது. 2025 செப்டம்பரில் நாடே அந்தப் படத்தைப் பார்த்தது. நான்கு போலீசாரை இடைநீக்கம் செய்தார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். காமிரா அன்றைக்கே பார்த்துவிட்டது. மற்றவர்கள் பார்ப்பதற்கு 2 ஆண்டு 5 மாதம் ஆயிற்று. சுஜித்துக்குக் கட்சி இருந்தது. எழுதத் தெரிந்தது. விடாப்பிடி இருந்தது. ஊர் விட்டு ஊர் வந்து கூலி வேலை செய்பவர், வேலையை விட்டுவிட்டு இரண்டு ஆண்டு அலைவாரா?

அலைந்தாலும் படம் இருக்க வேண்டுமே! நம் தமிழ்நாட்டில் சாத்தான்குளம் கதை எல்லோருக்கும் நினைவிருக்கும். 2020 ஜூன் 19-ஆம் தேதி. கொரோனா ஊரடங்கு நேரம். செல்போன் கடை வைத்திருந்த ஜெயராஜையும் அவர் மகன் பென்னிக்ஸையும் போலீசார் கொண்டுபோனார்கள். கடையை நேரத்துக்கு மூடவில்லை என்று குற்றச்சாட்டு. அன்று இரவு ஸ்டேஷனில் அடி. மகன் 22-ஆம் தேதி இறந்தார். தகப்பனார் 23-ஆம் தேதி இறந்தார். நீதிமன்றம் சொல்லி ஒரு மாஜிஸ்திரேட் விசாரிக்கப் போனார். ஸ்டேஷனில் காமிரா இருந்தது. படத்தைச் சேர்த்து வைக்க வேண்டிய இடமும் அதில் இருந்தது. ஆனால் அன்றாடம் எடுத்தது அன்றாடம் அழிந்துபோகும்படி அதை அமைத்து வைத்திருந்தார்கள்.

காமிரா மௌனம் ஆனது. ஒரு மனுஷி பேசினார். அங்கே வேலை பார்த்த பெண் தலைமைக் காவலர் ரேவதி, விடிய விடிய அடித்ததை மாஜிஸ்திரேட்டிடம் சொன்னார். காக்கிச் சட்டைக்குள்ளும் மனசாட்சி உள்ளவர்கள் இருக்கிறார்கள். இதையும் மறக்கக் கூடாது.

அதே ஆண்டு டிசம்பர் 2-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. நாட்டில் உள்ள எல்லாப் போலீஸ் ஸ்டேஷனிலும் காமிரா வேண்டும். வாசல், வராந்தா, லாக்கப், அதிகாரி அறை எதையும் விடக் கூடாது. இருட்டிலும் படம் தெரிய வேண்டும். பேச்சும் கேட்க வேண்டும். பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும். அவ்வளவு நாள் வைக்கும் கருவி கிடைக்காவிட்டால், குறைந்தது ஒரு வருடமாவது வைக்க முடிய வேண்டும். காமிரா இருப்பதை வாசலில் போர்டு எழுதி வைக்க வேண்டும். நல்ல தீர்ப்பு. ஐந்து ஆண்டு கழித்து, 2025 செப்டம்பரில், பல ஸ்டேஷன்களில் காமிரா வேலை செய்யவில்லை என்ற செய்தியைப் பார்த்து உச்ச நீதிமன்றமே மறுபடியும் வழக்கைக் கையில் எடுத்தது.

சுவரில் மாட்டிய காமிராவுக்கே இந்தக் கதி. நெஞ்சில் மாட்டும் காமிராவில் இன்னொரு சங்கதி இருக்கிறது. அதில் ஒரு பொத்தான் உண்டு. காவலர் அழுத்தினால்தான் பதிவு. "மறந்துவிட்டேன்" என்று சொல்லலாம். "பேட்டரி தீர்ந்துவிட்டது" என்று சொல்லலாம். உண்மையிலேயே தீர்ந்தும் இருக்கலாம். வாஷிங்டன் சோதனையில் வித்தியாசம் ஏன் தெரியவில்லை என்பதற்குப் பல காரணம் சொல்கிறார்கள். ஆனால் பார்த்தவர் யாரும் கேள்வி கேட்காவிட்டால், காமிரா வெறும் சட்டைப் பொத்தான்தான்.

அமெரிக்காவில் மினியாபொலிஸ் நகரில் 2020 மே மாதம் ஜார்ஜ் ஃபிளாய்டு என்ற கறுப்பினத்தவரின் கழுத்தில் ஒரு காவலர் முழங்காலை வைத்து அழுத்தினார். அவர் இறந்துபோனார். அங்கிருந்த காவலர்கள் நெஞ்சில் காமிரா இருந்தது. அது ஓடிக்கொண்டும் இருந்தது. அப்படியும் அவர்கள் நிறுத்தவில்லை. ஊரை எழுப்பியது, தெருவில் நின்ற 17 வயதுப் பெண் செல்போனில் எடுத்த படம்.

அப்படியானால் காவலருக்குக் காமிரா வேண்டாமா? வேண்டும். கட்டாயம் வேண்டும். சுவர்க் காமிரா ஸ்டேஷனுக்குள் மட்டும் பார்க்கும். சண்டை தொடங்குவது தெருவில். ஜீப்பில் ஏற்றுவது தெருவில். அதைப் பார்க்க வேறு வழி இல்லை. ஆனால் சில கட்டுப்பாடுகள் கூடவே வர வேண்டும். ஆளை நிறுத்தும்போதே பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் காரணத்தை எழுதித் தர வேண்டும். படத்தை அந்த ஸ்டேஷன் அதிகாரியின் மேஜையில் வைக்கக் கூடாது. வேறு இடத்துக்குப் போய்விட வேண்டும். பாலியல் கொடுமைக்கு ஆளான பெண் புகார் சொல்லும்போது, அவர் விரும்பாவிட்டால் காமிராவை அணைக்க வேண்டும். துப்புக் கொடுக்க வருபவர் முகமும் பதியக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அடிபட்டவர் கேட்டால் சில நாட்களில் படம் கிடைக்க வேண்டும். இரண்டு ஆண்டு கழித்து அல்ல.

சட்டம் கொஞ்சம் கொஞ்சமாக இந்தப் பக்கம் வந்துகொண்டிருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 105-ஆம் பிரிவு, வீட்டில் சோதனை போட்டால் அதைப் படமும் ஒலியுமாகப் பதிவு செய்யச் சொல்கிறது. அந்தப் பதிவைத் தாமதம் இல்லாமல் மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும். படம் போலீஸ் கையை விட்டுப் போகிறது, பாருங்கள். தெருவில் எடுக்கும் படத்துக்கும் இதே வழி வந்தால் என்ன?

காமிராவுக்கு முன்பே காகிதம் வந்துவிட்டது. 1996-இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: கைது செய்யும் காவலர் பெயர்ப் பட்டை அணிய வேண்டும். கைதுக் குறிப்பு எழுதி, அதில் ஒரு சாட்சியின் கையெழுத்து வாங்க வேண்டும். சொந்தக்காரருக்குச் சேதி சொல்ல வேண்டும். அந்தப் பெயர்ப் பட்டையைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

படத்தைக் கேட்கும் மனுவும் பெரிய வித்தை இல்லை. முதலில் ஸ்டேஷனின் பெயர். பிறகு நாள். எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை. எந்த இடத்துக் காமிரா. "இந்தப் பதிவை அழிக்காமல் பாதுகாத்து வைக்கவும். நகல் தரவும்." அதன் கீழே பெயர், முகவரி, கையெழுத்து. தகவல் அறியும் உரிமைச் சட்ட மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவருக்கு அதுவும் இல்லை. 30 நாளில் பதில் வர வேண்டும். ஒருவரின் உயிரும் சுதந்திரமும் சம்பந்தப்பட்டது என்றால் 48 மணி நேரத்தில் வர வேண்டும். பதில் வராவிட்டால் மேல் அதிகாரிக்கு அப்பீல். பிறகு தகவல் ஆணையம்.

கேரளத்தில் மலையாளம் எழுதத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போவது நல்லது. எழுதவே முடியாதவர் வாயால் சொன்னால், அதை எழுதிக்கொள்ள அந்த அலுவலகத்துத் தகவல் அதிகாரி உதவ வேண்டும். இதுவும் சட்டத்திலேயே இருக்கிறது.

மனுவை நாள் கடத்தாமல் கொடுக்க வேண்டும். பழைய படத்தின் மேல் புதிய படம் ஏறிவிடும். கொடுத்ததும் ரசீது கேட்டு வாங்க வேண்டும். ரசீதில் தேதியும் முத்திரையும் இருக்கிறதா என்று அங்கேயே நின்று படித்துப் பார்த்துவிட்டுப் புறப்பட வேண்டும்.