காரா, குட்டி யானையா?

தோட்டம் துரவோடு கிராமத்தில் வாழ்பவர்கள் கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் யோசிப்பது இதைத்தான்: சின்ன கார் வாங்குவதா, சரக்கு வண்டி வாங்குவதா?

2005-ல் வந்த டாடா ஏஸ், நம் ஊர்களில் குட்டி யானை ஆகிவிட்டது. முக்கால் டன் தக்காளியை விடியுமுன் சந்தையில் சேர்த்துவிடும். ஆனால் டிரைவரோடு சேர்த்து இரண்டு பேர்தான் உட்காரலாம். காதுகுத்து, வளைகாப்பு என்றால் குடும்பமே பின்னால் ஏறிக்கொள்கிறது. பார்க்கும்போதெல்லாம் மனம் பதறுகிறது. சரக்கு ஏற்றும் இடத்தில் ஆள் ஏற்றுவது சட்டப்படி குற்றம். வண்டி கவிழ்ந்தால், சரக்கோடு சம்பந்தமில்லாமல் ஏறியவர்களுக்கு இன்சூரன்ஸ் நிறுவனம் பொறுப்பல்ல என்று உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்திருக்கிறது.

செலவையும் பாருங்கள். சரக்கு வண்டிக்கு எட்டு ஆண்டுவரை இரண்டு ஆண்டுக்கொரு முறை தகுதிச் சான்று (எஃப்.சி.), பிறகு ஆண்டுதோறும். சொந்தக் காருக்கு 15 ஆண்டுவரை அந்த அலைச்சல் இல்லை.

தினமும் மூட்டை ஏற்றுபவர் குட்டி யானையை வாங்கலாம். அறுவடைக்கு மட்டும்தான் சுமை என்றால் காரே போதும். அந்த நாலு நாளைக்கு வண்டியை வாடகைக்குப் பிடித்துக்கொள்ளலாம். எதை வாங்கினாலும் சரி, பிள்ளைகளைச் சரக்கு வண்டியின் பின்னால் ஏற்றி அனுப்பாதீர்கள்.