தண்ணீரை எந்தப் படித்துறையில் அளக்கிறார்கள்?

(மாணவர் வாசிப்பு வட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



எங்கள் ஊர்க் குளத்துக்கு மூன்று துறைகள். வாய்க்கால் வந்து விழும் வடகரையில் கருங்கல் படித்துறை, அது ஊர்க்காரர்களுக்கு. நடுவில் மாடு குளிப்பாட்டும் துறை. தென்கரையில், கலங்கு ஓரம், ஒரு கல்கூடப் போடாத சேற்றுத் துறை. அது சேரிக்கு, அதாவது எங்களுக்கு. ஊர் குளித்து, மாடு கலக்கிய பிறகுதான் தண்ணீர் எங்களிடம் வரும்.

நான் பள்ளிக்கூடம் படிக்கும்போது ஒருநாள் ஜீப்பில் ஒரு அதிகாரி வந்தார். குளத்துத் தண்ணீரைச் சோதனைக்கு எடுக்க வேண்டும் என்றார். இறங்குவதற்கு வசதியாக இருந்த கருங்கல் படித்துறையில் நின்று ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு போய்விட்டார். தென்கரையில் துணி அலசிக்கொண்டிருந்த என் ஆயா கேட்டார்: "அவங்க துறைத் தண்ணிய எழுதிக்கிட்டுப் போறாங்க. நம்ம தண்ணிய யாரு எழுதுவா?"

இன்றைக்கு நான் பேசப் போவது முழுக்க அந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான்.

அரசு தண்ணீரை எப்படி அளக்கிறது என்று முதலில் பார்ப்போம். 1974ஆம் ஆண்டு நீர் மாசு தடுப்புச் சட்டம் வந்தது. தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியம் 1982இல் அமைந்தது. தேசிய நீர்த்தரக் கண்காணிப்புத் திட்டத்தின்கீழ் ஆறு, ஏரிகளில் குறிப்பிட்ட இடங்களில் மாதம் ஒருமுறையோ மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ மாதிரி எடுக்கிறார்கள். அந்த எண்கள் டெல்லியில் உள்ள மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் போகின்றன.

அந்த வாரியம் தண்ணீரை ஏ முதல் ஈ வரை ஐந்து வகுப்பாகப் பிரிக்கிறது. எந்தப் பயனுக்குத் தகும் என்பதுதான் அளவுகோல். கிருமி நீக்கம் மட்டும் செய்து குடிக்கலாம் என்றால் ஏ. குளிக்கலாம் என்றால் பி. முறையாகச் சுத்திகரித்துக் குடிக்கலாம் என்றால் சி. மீனும் விலங்கும் வாழலாம் என்றால் டி. பாசனத்துக்கும் ஆலை எந்திரங்களைக் குளிர்விப்பதற்கும் மட்டும் ஆகும் என்றால் ஈ.

இதில் இரண்டு அளவுகளை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்று பி.ஓ.டி. தண்ணீரில் கலந்த கழிவை நுண்ணுயிரிகள் தின்று தீர்க்க எவ்வளவு ஆக்சிஜன் தேவை என்ற கணக்கு அது. கழிவு கூடினால் பி.ஓ.டி. கூடும், மீனுக்கு மூச்சு முட்டும். குளிக்கும் தண்ணீரில் அது லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. இன்னொன்று கோலிஃபார்ம் பாக்டீரியா. அதிலும் மலக் கோலிஃபார்ம் என்ற வகை இருந்தால் மலம் கலந்திருக்கிறது என்று பொருள். ஏ வகுப்புத் தண்ணீரில் 100 மில்லிலிட்டருக்கு மொத்தக் கோலிஃபார்ம் 50க்குள் இருக்க வேண்டும்.

நான் இந்த அறிவியலின் பக்கம் நிற்பவன். ஏன் என்று சொல்கிறேன். அரசு அளக்கத் தொடங்குவதற்கு வெகுகாலம் முன்பே இந்தச் சமூகம் தண்ணீரை அளந்துகொண்டுதான் இருந்தது. அதன் அளவுகோல், யாருடைய கை பட்டது என்பது. 1927 மார்ச் 20ஆம் நாள் மகாத் நகரின் சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் இறங்கித் தண்ணீர் அருந்தினார். ஆயிரக்கணக்கான தோழர்கள் பின்தொடர்ந்தார்கள். அந்தக் குளத்தைத் திறந்துவிட நகராட்சி 1924லேயே தீர்மானம் போட்டிருந்தது. ஆனாலும் சாதி இந்துக்கள் என்ன செய்தார்கள்? சாணமும் மாட்டு மூத்திரமும் பாலும் தயிரும் கலந்து 108 குடம் ஊற்றிக் குளத்தைச் 'சுத்தம்' செய்தார்கள். இன்றைய ஆய்வகத்தில் அந்தத் தண்ணீரைக் கொடுத்திருந்தால் பி.ஓ.டி.யும் கோலிஃபார்மும் எங்கே போய் நின்றிருக்கும்? தீட்டு என்ற அளவுகோலும் மாசு என்ற அளவுகோலும் நேருக்கு நேர் மோதிய இடம் அது. மனிதர் அருந்தியது தீட்டு, சாணி கரைத்தது சுத்தம்! அந்தக் குளத்தில் நமக்குள்ள உரிமையை பம்பாய் உயர்நீதிமன்றம் உறுதிசெய்ய 1937 வரை ஆனது.

ஆகவே ஆய்வகத்துக்கு யார் கை பட்டது என்று தெரியாது. அது நமக்கு நல்லது. ஆனால் எந்தத் துறையில் பாட்டிலை முக்குவது, எதை அளப்பது, அந்த எண்ணை வைத்து யார்மீது நடவடிக்கை எடுப்பது என்பதையெல்லாம் ஆய்வகம் முடிவு செய்வதில்லை. அங்கேதான் சாதி உள்ளே வருகிறது.

ஒன்றொன்றாகப் பார்ப்போம். மாசடைந்த ஆற்றுப் பகுதிகள் என்று மத்திய வாரியம் ஒரு பட்டியல் வெளியிடுகிறது. 2018 பட்டியலில் நாடு முழுக்க 351 பகுதிகள். தமிழ்நாட்டில் ஆறு: காவிரி, சரபங்கா, திருமணிமுத்தாறு, வசிஷ்ட நதி, பவானி, தாமிரபரணி. கூவம் அதில் இல்லை. 2022 பட்டியலில் கூவம் வந்தது. ஆவடி முதல் சத்யா நகர் வரை பி.ஓ.டி. 345. குளிக்கும் தண்ணீருக்கான வரம்பைப் போல 115 மடங்கு, நாட்டிலேயே மிக மோசம். அந்த நான்கு ஆண்டுகளில்தான் கூவம் நாறத் தொடங்கியதா? கரையில் பிறந்த பிள்ளைகளைக் கேளுங்கள். பட்டியலில் பெயர் இல்லை என்றால் மாசு இல்லை என்று பொருளாகாது.

அடுத்து, எதை அளப்பது. அந்தப் பட்டியலில் முன்னுரிமை வரிசை பி.ஓ.டி.யை வைத்துத்தான் போடப்படுகிறது. 30க்கு மேல் இருந்தால் முதல் நிலை, 3 முதல் 6 வரை இருந்தால் ஐந்தாம் நிலை. சாக்கடையைப் பிடிக்க அது நல்ல அளவு. ஆனால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் நொய்யலுக்குத் தந்தது பெருமளவு உப்பு. வாணியம்பாடி, ஆம்பூர்த் தோல் ஆலைகள் பாலாற்றுக்குத் தந்தது உப்பும் குரோமியமும். உப்பையும் குரோமியத்தையும் பி.ஓ.டி. காட்டாது. அவற்றைத் தனியாக அளக்க முடியும், அளக்கவும் செய்கிறார்கள். ஆனால் செய்தித்தாளில் தலைப்பாகும் வரிசையில் அவற்றுக்கு இடமில்லை. தோல் தொட்டியில் இறங்கி நிற்பவர் யார், அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிப்பவர் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

மூன்றாவது, எண் கிடைத்த பிறகு என்ன நடக்கிறது என்பது. 2020-21 கணக்கின்படி இந்திய நகரங்களில் ஒருநாளைக்கு உருவாகும் கழிவுநீர் 7,236.8 கோடி லிட்டர். உண்மையில் சுத்திகரிக்கப்பட்டது 2,023.6 கோடி லிட்டர். நூற்றுக்கு 28 பங்கு! மிச்சமெல்லாம் ஆற்றிலும் ஏரியிலும் மண்ணிலும். இது மத்திய வாரியமே தந்த கணக்கு. ஒரு குடத்தை மூன்று வீட்டுக்குப் பங்கு போடும் குடிசைவாசியா இத்தனை கோடி லிட்டரை ஊற்றினார்? ஆனால் ஆற்றைச் சீரமைக்கிறோம் என்றதும் முதலில் அகற்றப்படுவது கரையோரக் குடிசைகள்தான். கூவம், அடையாற்றின் கரையில் இருந்தவர்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் ஏற்றி அனுப்பினார்கள். குழாய் வழியாகச் சாக்கடையை விட்டவர்கள் அதே இடத்தில் இருக்கிறார்கள். சுத்திகரிப்பு நிலையம் இருக்க வேண்டிய இடத்தில் எந்திரத்துக்குப் பதிலாக நம் மக்களை இறக்கிக் குழியில் சாகவிடும் நாடு இது.

வேங்கைவயலை மறந்துவிட முடியுமா? 2022 டிசம்பரில் அங்கே மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. அதைக் கண்டுபிடித்தது எந்தக் கண்காணிப்பு நிலையமும் இல்லை. குழந்தைகள் நோயில் விழுந்தார்கள், தண்ணீர்மேல் சந்தேகம் வந்தது, மக்களே தொட்டியில் ஏறிப் பார்த்தார்கள். நம் பிள்ளைகளின் உடம்புதான் இந்த நாட்டில் ஆய்வகமாக இருக்கிறது.

இளைய தோழர்களே, கோபப்பட்டுவிட்டுக் கலைந்து போவதற்காக நான் இதைச் சொல்லவில்லை. உங்களுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை எடுத்துப் படியுங்கள். பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் நீர்நிலையை, அந்தப் பயனுக்குத் தகுதி குறையும்படி கெடுப்பது அதில் குற்றம். "பயனுக்குத் தகுதி" என்ற சொல்லைக் கவனியுங்கள். மாசு கட்டுப்பாட்டு வாரியம் தண்ணீரை வகுப்புப் பிரிப்பதும் பயனை வைத்துத்தான். ஒரு சட்டம் குற்றம் என்கிறது, இன்னொரு துறையிடம் அதை அளக்கும் கருவி இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பிடிக்க வேண்டியது நாம்.

ஒரு ஆளுக்கு ஒரு நீர்நிலை என்று எடுத்துக்கொள்ளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு ஒரு மனுப் போடுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். மூன்று கேள்விகள் போதும். எங்கள் ஊர் ஆற்றில் அல்லது ஏரியில் மாதிரி எடுக்கும் இடம் எது? கடந்த மூன்று ஆண்டுகளில் பி.ஓ.டி., மலக் கோலிஃபார்ம் அளவுகள் என்ன? வரம்பு மீறியபோது எடுத்த நடவடிக்கை என்ன? பதில் வந்ததும் அந்த இடத்துக்கு நேரில் போய் நில்லுங்கள். சேரி எந்தப் பக்கம் இருக்கிறது, சாக்கடை எங்கே கலக்கிறது, மாதிரி எடுக்கும் இடம் அதற்கு மேலேயா கீழேயா என்று ஒரு படம் வரையுங்கள். மேலே என்றால், கீழேயும் எடு என்று எழுதிக் கேளுங்கள். கிராம சபையில் தீர்மானமாகக் கொண்டு வாருங்கள்.

என் ஆயா இன்று இல்லை. அந்தக் குளத்தில் தென்கரை இன்னும் சேறாகத்தான் இருக்கிறது. போன மாதம் அந்தக் குளத்துக்கு நான் மனுப் போட்டிருக்கிறேன். மாதிரி எடுக்கும் இடம் எது என்பதுதான் முதல் கேள்வி. பதில் வந்ததும் உங்களிடம் காட்டுகிறேன். நீங்களும் உங்கள் பதில்களோடு வாருங்கள்.

ஜெய்பீம்!