நான்கு எழுத்தும் பல ஒலியும்

வகுப்பிலே மாணவன் ஒருவன் ஆங்கிலப் பாடத்தை உரக்க வாசிக்கின்றான். மரக்கிளையைக் குறிக்கும் 'பௌ' என்னுஞ் சொல் வருகின்றது. முதல் நாள் இருமலைக் குறிக்கும் 'கோஃப்' என்னுஞ் சொல்லைக் கற்றவன் அவன். இரு சொற்களின் ஈற்றிலும் ஓ, யூ, ஜீ, எச் என்ற அதே நான்கு எழுத்துக்கள். ஆகவே கிளையைப் 'போஃப்' என்று வாசிக்கின்றான். வகுப்பு நகைக்கின்றது. மறுநாள் அவன் வாய் திறப்பதில்லை. அவன் செய்த குற்றம் யாது? கற்றதை நேர்மையாகப் பின்பற்றியதே.

இந்நான்கு எழுத்துக்களின் விளையாட்டைப் பாருங்கள். 'ஆயினும்' எனப் பொருள்படும் சொல் 'தோ'. 'ஊடாக' என்பது 'த்ரூ'. கடினமானது 'டஃப்'; கரடுமுரடானது 'ரஃப்'; போதுமானது 'இனஃப்'. பிசைந்த மா 'டோ', கலப்பை 'ப்ளௌ'. எழுத்து ஒன்றே, ஒலியோ பல.

தமிழிலும் ஓரெழுத்துப் பல ஒலி பெறுவதுண்டு. கல், தங்கம், பகல் என்னும் மூன்றிலும் ககரம் ஒரே வகையாய் ஒலிப்பதில்லை. ஆனால், அது நிற்கும் இடமே ஒலியைக் காட்டிவிடும். ஆங்கிலத்தின் இந்நான்கு எழுத்துக்களோ, சொல்லின் ஈற்றில் நிற்கையில் அத்தகைய வழிகாட்டுதல் தருவதில்லை.

இதற்குக் காரணம் வரலாற்றில் உள்ளது. பழைய ஆங்கிலத்தில் தொண்டையில் உரசிப் பிறக்கும் ஓர் ஒலி இருந்தது. பகல் என்பதன் ககரத்தைச் சற்று அழுத்தி உரசினால் அதன் சாயல் தோன்றும். 1066இல் நோர்மானியர் இங்கிலாந்தை வென்ற பின்னர், எழுத்தர்கள் நாளடைவில் அவ்வொலியை ஜீ, எச் என்னும் ஈரெழுத்தால் எழுதலாயினர். 1476இல் வில்லியம் கக்ஸ்ரன் வெஸ்ற்மினிஸ்ரரில் அச்சகம் நிறுவினார். அச்சு பரவப் பரவ எழுத்துமுறை உறையத் தொடங்கியது. மக்களின் நாவோ உறையவில்லை. தொண்டையொலி சில சொற்களில் மறைந்தது. சிலவற்றில் 'ஃப்' ஆயிற்று. உயிரொலிகளும் மாறின. ஒலி போனபின்னும் எழுத்து நின்றது. ஸ்கொத்லாந்தியர் ஏரியைக் குறிக்கும் 'லொஹ்' என்னுஞ் சொல்லில் அப்பழைய ஒலியை இன்றும் கேட்கலாம்.

எல்லா எழுத்துக்களும் பழமையின் எச்சமும் அல்ல. விக்கலைக் குறிக்கும் 'ஹிக்கப்' என்னுஞ் சொல்லைச் சிலர் இந்நான்கு எழுத்துக்களையும் இட்டு எழுதுவர். விக்கலுக்கும் இருமலுக்கும் உறவுண்டெனத் தவறாகக் கருதியதால் வந்த வினை அது.

ஆயின், கற்பவர்க்கு வழி இல்லையா? உண்டு. இச்சொற்களைக் குடும்பம் குடும்பமாகக் கற்க வேண்டும். நான்கு எழுத்துக்களின் பின் 'ரீ' என்னும் எழுத்து வந்தால் ஒழுங்கு தோன்றும். நினைத்தான் என்பது 'தோட்', வாங்கினான் என்பது 'போட்', போரிட்டான் என்பது 'ஃபோட்', கொண்டுவந்தான் என்பது 'ப்ரோட்'. வறட்சி எனப் பொருள்படும் 'ட்ரௌட்' மாத்திரம் விலகி நிற்கும். 'டஃப்', 'ரஃப்', 'இனஃப்' மூன்றும் மற்றொரு குடும்பம். 'பௌ', 'ப்ளௌ' இரண்டும் வேறொரு குடும்பம். புதிய சொல்லொன்றைக் கண்ணாற் காணுமுன் காதாற் கேட்பது இன்னும் நன்று.

இருமலைக் கற்றுக் கிளையிற் தவறிய மாணவனுக்கு ஆசிரியர் இவ்வரலாற்றைச் சொல்வாராயின், நகைப்புக்குரியவன் அவனல்லன் என்பது வகுப்புக்கு விளங்கும். மறுநாள் அவன் மீண்டும் வாய் திறப்பான். மொழி கற்பதற்கு வேண்டிய முதற் பொருள் அந்தத் துணிவே.