உச்சிக்குடும்பனும் கைப்பேசித் திரையும்



பூச்சோங்கில் ரப்பர் மரங்கள் வரிசையாக நின்ற இடங்களில் இன்று அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. அந்நாளில் தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டினால், லயத்துச் சனம் முழுவதும் பாயும் கையுமாக வந்து உட்காரும். இன்று அதே குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் ஆளுக்கொரு கைப்பேசியில் ஆளுக்கொரு படம் பார்க்கிறார்கள். துணித்திரையில் ஆடிய பழைய பொம்மைச் சிரிப்பு இந்தச் சின்னத் திரையில் பிழைக்குமா? இன்று அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

தமிழ்நாட்டில் தோல்பாவைக் கூத்து என்று ஒரு கலை உண்டு. வீட்டில் மராட்டி பேசும் மண்டிகர் குடும்பங்கள் வழிவழியாக அதை நடத்தி வருகின்றன. ஆட்டுத்தோலைப் பதப்படுத்தி, உருவம் வெட்டி, சாயம் தீட்டி, திரைக்குப் பின்னால் விளக்கு வைத்து ஆட்டுவார்கள். ஒரே மனிதர் இராமனாகவும் சீதையாகவும் இராவணனாகவும் குரல் மாற்றிப் பேசுவார்.

கதை இராமாயணம். ஆனால் பிள்ளைகள் காத்திருப்பது இராமனுக்காக அல்ல. உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் எப்போது வருவார்கள் என்றுதான்! வால்மீகியும் கம்பரும் அறியாத இந்த இரண்டு கோமாளிகளும் கதைக்கு நடுவே புகுந்து, அடித்துக்கொண்டு, ஊர்ப் பேச்சில் ஊர்க் கதை பேசுவார்கள். இராமன் பேச்சு எந்த ஊரிலும் ஒன்றுதான். கோமாளியின் பேச்சோ ஊருக்கு ஊர், இரவுக்கு இரவு மாறும். எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் சிரித்தால் நீளும். சிரிக்காவிட்டால் அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

நம் நாட்டுக் கிளந்தானிலும் இதே கதைதான். அங்கே வாயாங் கூலிட் நிழற்கூத்தில் ஸ்ரீ ராமாவுக்குத் துணையாக பாக் டோகோல், வாக் லோங் என்ற இரண்டு வேடிக்கைக்காரர்கள் வருகிறார்கள். சட்டையில்லாத தொந்தி வயிறும் கிளந்தான் பேச்சுமாக அவர்கள் வந்து நின்றாலே கூட்டம் கலகலக்கும்.

பழைய பொம்மைகளைப் புதுத் திரைக்குக் கொண்டுவரப் பெரிய முதலாளிகளும் முயன்றிருக்கிறார்கள். அமெரிக்காவின் ஜிம் ஹென்சன் 1955இல் தம் தாயாரின் பழைய கோட்டுத் துணியையும், பிங்பாங் பந்தின் இரு பாதிகளையும் கொண்டு கெர்மிட் என்ற பொம்மையைச் செய்தார். அவருடைய 'மப்பெட் ஷோ' 1976 முதல் 1981 வரை 120 பகுதிகள் ஓடியது. பிறகு அந்தப் பொம்மைகளை வாங்கிய டிஸ்னி நிறுவனம், 2020இல் இணையத்துக்கென்றே துண்டு துண்டாக 'மப்பெட்ஸ் நௌ' என்று ஆறு பகுதிகள் எடுத்தது. அது அதோடு நின்றுபோனது. அடுத்த ஆண்டே பழைய நிகழ்ச்சியை எடுத்துத் தன் இணையத் திரையில் போட்டது. அந்தப் பழைய நிகழ்ச்சியில் ஒரு நாடகக் கொட்டகை உண்டு. மாடத்தில் இரண்டு கிழவர்கள் உட்கார்ந்து நடப்பதையெல்லாம் கேலி செய்வார்கள். பார்ப்பவனுக்கும் அங்கே ஒரு நாற்காலி போட்டிருந்தது என்பது என் எண்ணம்.

கோலாலம்பூரில் நடந்த முயற்சி இதைவிடச் சுவையானது. திந்தோய் சூவோ என்ற சீன ஓவியரும், கிளந்தானின் கூத்துக் கலைஞர் பாக் டாயினும் சேர்ந்து, 1977இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தை வாயாங் கூலிட் ஆக்கினார்கள். 'பெப்பெராங்ஙான் பிந்தாங்' என்று பெயர். கறுப்புக் கவசம் போட்ட டார்த் வேடர் அதில் 'சங்காலா வேடே' ஆனார். பெயர் மாறியது, உடை மாறியது; நிழற்கூத்து என்ற வடிவம் மாறவில்லை. வாயாங் கூலிட்டை எட்டிப் பார்க்காத நகரத்து இளைஞர்கள் இதைப் பார்க்க வந்தார்கள்.

நம் உச்சிக்குடும்பனுக்கு யார் இப்படிச் செய்வது? கூத்தைக் கைப்பேசியில் படம் பிடித்து இணையத்தில் போட்டால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். அதில் ஓர் ஆபத்து இருக்கிறது. இலவசமாகப் பார்த்தவர் பணம் கொடுத்துக் கலைஞரைக் கூப்பிடமாட்டார். கூப்பிடாவிட்டால் அவர் மகன் வேறு வேலைக்குப் போவான். பிறகு படம் இருக்கும், ஆட்டத் தெரிந்த கை இருக்காது. ஆகவே, முதலில் கோயில் திருவிழாவிலோ தமிழ்ப்பள்ளி விழாவிலோ கூத்து நடக்கட்டும். பிள்ளைகளின் சிரிப்புச் சத்தத்தோடு அதைப் படம் பிடிக்கட்டும். அதில் வரும் காசில் கலைஞருக்குப் பங்கு போகட்டும்.

பேச்சும் நம் பேச்சாக இருக்க வேண்டும். உச்சிக்குடும்பன் இங்கே வந்தால் பூச்சோங் சாலை நெரிசலில் மாட்டிக்கொள்ளட்டும். "பசியாறிட்டியா?" என்று உளுவத்தலையன் கேட்கட்டும். "பசியாறக் கிளம்பினேன், சாப்பாட்டு நேரமே வந்துடுச்சு" என்று இவன் பதில் சொல்லட்டும்.

பெற்றோர்கள் நாளைக்கே வீட்டில் ஒன்று செய்து பார்க்கலாம். தடித்த அட்டையில் இரண்டு உருவம் வெட்டி, ஈர்க்குச்சியில் கட்டி, பழைய வேட்டியைத் திரையாகத் தொங்கவிட்டு, கைப்பேசி விளக்கைப் பின்னால் வையுங்கள். பாட்டியைக் குரல் கொடுக்கச் சொல்லுங்கள். தோட்டத்துப் பேச்சு அவருக்குத்தான் சரளமாக வரும்.