பூட்டிய பெட்டிக்குள் கட்டற்ற மென்பொருள்

(சீத்தா கேம்ப் தோழர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பூட்டப்பட்ட வணிகத் தொழில்நுட்பமும் கட்டற்ற மென்பொருளும் சேர்ந்து வாழ முடியுமா என்பது பொறியாளர்கள் தமக்குள் வாதிட்டுக்கொள்ளும் கேள்வியாகவே பெரும்பாலும் கருதப்படுகிறது. சீத்தா கேம்பில் அது தவணைக் கேள்வியாக வந்து நிற்கிறது. தவணையில் விற்கப்படும் கைப்பேசி பலவற்றில், கடன் கொடுத்த நிறுவனம் ஒரு செயலியைப் பதித்தே கொடுக்கிறது. தவணை தவறினால் அந்தச் செயலி கைப்பேசியைப் பூட்டுகிறது. கைப்பேசி இல்லாவிட்டால் உணவு கொண்டு சேர்க்கும் தொழிலாளிக்கு அன்று வேலை இல்லை. ஓடிபி வராவிட்டால் வங்கியிலும் அலுவலகத்திலும் காரியம் நடப்பதில்லை. ஒரு மாதத் தவணையை வசூலிப்பதற்காக, அதைக் கட்டுவதற்கு வழியாக இருந்த கூலியையே நிறுத்திவிடும் விந்தையான ஏற்பாடு இது. 2024-இல் இந்த வழக்கத்தை நிறுத்தும்படி கடன் நிறுவனங்களிடம் கூறிய ரிசர்வ் வங்கி, சில நிபந்தனைகளோடு அதை மீண்டும் அனுமதிக்க எண்ணியிருப்பதாக 2025 செப்டம்பரில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது.

அவ்வாறு பூட்டப்படும் கைப்பேசிகளில் மிகப் பெரும்பாலானவை ஆண்ட்ராய்டு கைப்பேசிகள். ஆண்ட்ராய்டின் அடித்தளமோ லினக்ஸ் கருநிரல். உலகெங்கும் உள்ள நிரலாளர்கள் பொதுவில் எழுதி, எவரும் படிக்கலாம், மாற்றலாம், பகிரலாம் என்று திறந்து வைத்த மென்பொருள் அது. ஆகவே சேர்ந்து வாழ முடியுமா என்று கேட்பதற்கு முன்பே இரண்டும் ஒரே கைப்பேசிக்குள் சேர்ந்துதான் வாழ்கின்றன. எந்த நிபந்தனையில், யாருடைய கட்டளைக்குக் கீழ் வாழ்கின்றன என்பதே ஆராய வேண்டியது.

1983 செப்டம்பரில் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனூ திட்டத்தை அறிவித்தபோது, கணினியைப் பயன்படுத்துவோருக்கு மென்பொருளை இயக்கவும், அதன் மூலநிரலைப் படித்து மாற்றவும், பிறருக்கு வழங்கவும், தாம் மாற்றியதைப் பரப்பவும் உரிமை இருக்க வேண்டும் என்ற நோக்கம் அதன் பின்னே இருந்தது. அந்த உரிமைகளைச் சட்ட வடிவில் நிறுத்துவதற்காகக் குனூ பொது உரிமம் 1989-இல் எழுதப்பட்டது. அதன் இரண்டாம் பதிப்பு 1991-இல் வந்தது. அதே ஆண்டில் ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸைத் தொடங்கினார். விரைவிலேயே அதை இந்த உரிமத்தின் கீழ் வெளியிட்டார். பதிப்புரிமைச் சட்டம் என்பது முதலாளிக்காக எழுதப்பட்ட சட்டம். அதே சட்டத்தை எதிர்த்திசையில் திருப்பி, பொதுவில் வைத்ததை எவரும் தனியுடைமை ஆக்கிக்கொள்ளக் கூடாது என்ற நிபந்தனைக்குப் பயன்படுத்தியது இந்த உரிமம். பாராட்டத்தக்க உத்தி அது.

ஆனால் மூலதனம் அந்த உத்திக்கும் மாற்று கண்டது. 1999-இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்த டிவோ என்ற தொலைக்காட்சிப் பதிவுக் கருவி லினக்ஸில் இயங்கியது. உரிமம் கோரியபடி நிறுவனம் மூலநிரலை வெளியிட்டது. எவரும் படிக்கலாம், மாற்றலாம். ஆனால் மாற்றிய நிரலைத் தாம் காசு கொடுத்து வாங்கிய கருவியில் ஏற்றினால் அது இயங்காது. நிறுவனத்தின் டிஜிட்டல் கையொப்பம் இல்லாத எதையும் வன்பொருள் மறுத்துவிடும். எழுத்தில் சுதந்திரம், இரும்பில் பூட்டு! 2007 ஜூனில் வந்த பொது உரிமத்தின் மூன்றாம் பதிப்பு இந்தத் தந்திரத்தைத் தடுக்கவே முயன்றது. நுகர்வோர் கருவியில் இந்த மென்பொருளை வைத்து விற்பவர், மாற்றிய மென்பொருளை அதில் நிறுவுவதற்கு வேண்டிய சாவியையும் தர வேண்டும் என்றது. டோர்வால்ட்ஸ் அதை ஏற்கவில்லை; லினக்ஸ் கருநிரல் இன்றுவரை இரண்டாம் பதிப்பிலேயே இருக்கிறது. கருவியை எப்படிச் செய்வது என்பது செய்பவரின் விருப்பம் என்பது அவருடைய வாதம். பொறியாளருக்கு அது நியாயமாகத் தோன்றலாம். ஆயினும் கோடிக்கணக்கான கைப்பேசிகளின் சாவி பிறகு யார் சட்டைப்பையில் போய்ச் சேர்ந்தது என்பதைப் பார்த்தால், நடுநிலை என்பது எப்போதும் பலம் படைத்தவன் பக்கமே சாயும் என்பது விளங்கும்.

இந்தியாவில் இதற்கு ஜியோபோனைவிடத் தெளிவான சான்று தேடத் தேவையில்லை. 2017 ஜூலை 21 அன்று ரிலையன்ஸ் அறிவித்த அந்தக் கைப்பேசி, 1,500 ரூபாய் வைப்புத்தொகைக்கு ஏழைகளின் கைக்கு வந்தது. அதில் இருந்த காய்ஓஎஸ், மொசில்லா அமைப்பு திறந்த முறையில் உருவாக்கிய ஃபயர்ஃபாக்ஸ் ஓஎஸ்ஸின் வழிவந்தது. பெருநிறுவனங்களின் பிடியில் இல்லாத கைப்பேசி ஒன்று ஏழை நாடுகளுக்கு வேண்டும் என்ற எண்ணத்தில் எழுதப்பட்ட நிரல், மும்பையின் மிகப் பெரிய முதலாளியின் சிம் அட்டையை மட்டுமே ஏற்கும் கைப்பேசியாக முடிந்தது. வாங்கியவர் வேறு நிறுவனத்துக்கு மாற முடியாது; கடையில் இல்லாத செயலியைத் தாமாக ஏற்றவும் முடியாது. 2020-இல் ஜியோ பிளாட்ஃபார்ம்ஸில் ஃபேஸ்புக் 43,574 கோடி ரூபாயும், கூகுள் 33,737 கோடி ரூபாயும் முதலிட்டன. விலை குறைந்த கைப்பேசியின் உண்மையான விலை என்ன என்பதை இந்தத் தொகைகள் சொல்லும்.

ஆண்ட்ராய்டின் கதை இன்னும் நுட்பமானது. அதன் அடிப்படை நிரலை எந்த உற்பத்தியாளரும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பிளே ஸ்டோர், வரைபடம், யூடியூப் முதலியவை கூகுளின் தனியுடைமை. அவை இல்லாத கைப்பேசியை வாங்குவோர் அரிது. அவற்றைப் பெற விரும்பும் உற்பத்தியாளர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். ஆண்ட்ராய்டின் மாற்று வடிவங்களில் இயங்கும் கருவிகளைச் செய்யக் கூடாது என்பது அதில் அடங்கியிருந்த நிபந்தனை. அதாவது, உரிமம் கொடுத்த சுதந்திரத்தை ஒப்பந்தம் திரும்ப வாங்கிக்கொண்டது. இதை இடதுசாரிகள் மட்டும் சொல்லவில்லை. இந்தியப் போட்டி ஆணையம் விசாரித்து, 2022 அக்டோபர் 20 அன்று கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மேல்முறையீட்டில் 2023 மார்ச்சில் தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதி செய்தது. ஆனால் ஆணையத்தின் நான்கு கட்டளைகளை நீக்கிவிட்டது. முன்பதிந்த செயலிகளை நீக்க அனுமதிக்க வேண்டும், பிறரது செயலிக் கடைகளுக்கு இடம் தர வேண்டும், வெளியிலிருந்து செயலி ஏற்றுவதைத் தடுக்கக் கூடாது என்பவை அந்த நான்கில் அடங்கும். அபராதம் கணக்கேட்டில் ஒரு செலவு. பூட்டைத் தொட்ட கட்டளைகளே விழுந்தன.

2025 ஆகஸ்டில் கூகுள் அடுத்த அடி வைத்தது. சான்று பெற்ற ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் ஏற்றப்படும் செயலி எங்கிருந்து வந்தாலும், அதை எழுதியவர் கூகுளிடம் தம் அடையாளத்தைப் பதிந்திருக்க வேண்டும் என்றது. 2026-இல் சில நாடுகளில் தொடங்கிப் பின்னர் உலகெங்கும் விரிவுபடுத்துவதே திட்டம். எதிர்ப்புக் கிளம்பியதும், அனுபவமுள்ள பயனர்களுக்குத் தனி வழி தரப்படும் என்று கூறியது. ஒரு தொழிற்சங்கம் தன் உறுப்பினர்களுக்காக எழுதிக்கொள்ளும் சிறு செயலிக்கும் இது பொருந்தும்.

பூட்டு முதலாளிக்கு மட்டும் உதவுவதும் அன்று. 2025 நவம்பர் இறுதியில் ஒன்றிய அரசின் தொலைத்தொடர்புத் துறை, புதிய கைப்பேசிகள் அனைத்திலும் சஞ்சார் சாத்தி செயலியை முன்கூட்டியே பதித்து விற்க வேண்டும் என்று உற்பத்தியாளர்களுக்கு உத்தரவிட்டது. கண்டனம் எழுந்ததால் சில நாட்களில் கட்டாயத்தைக் கைவிட்டது. கைப்பேசி அதை வாங்கியவரின் கட்டுப்பாட்டில் இருந்தால் இத்தகைய உத்தரவுக்குப் பொருளே இருக்காது. பூட்டு ஏற்கெனவே இருப்பதால்தான், அதற்கு இன்னொரு சாவி கேட்க அரசுக்குத் தோன்றுகிறது.

தோழர்களே, உடைமைக்கும் அனுமதிக்கும் உள்ள வேறுபாட்டைச் சீத்தா கேம்புக்கு விளக்கத் தேவையில்லை. நெருக்கடி நிலையின்போது, 1976 மே மாதத்தில், பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் தேவைக்காக ஜனதா காலனி இடிக்கப்பட்டது. ஏறத்தாழ 70,000 மக்கள் வாழ்ந்த இடம். கோலார் தங்கவயலில் பிறந்த தமிழரான ஜோக்கின் அற்புதம் தலைமையில் ஆண்டுக்கணக்கில் நடந்த எதிர்ப்பையும் மீறி மக்கள் இங்கே கொண்டுவந்து விடப்பட்டனர். குடிசைவாசிகளுக்கு அரசு கொடுத்த போட்டோபாஸ் வசிக்க அனுமதிக்கும் சீட்டு. நிலத்துக்கான பட்டா அன்று. மென்பொருள் உரிமமும் அத்தகைய சீட்டே. காசு வாங்கிக்கொண்டு கொடுக்கப்படும், நிபந்தனை மாறும், கொடுத்தவர் விரும்பினால் திரும்பப் பெறுவார். வீடு இழந்தவர்களின் துயரையும் கைப்பேசிப் பூட்டையும் ஒரே தராசில் நிறுத்துவது தகாது. ஆகவே உவமையை இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஆனால் அண்டையில் உள்ள அந்த அணு ஆராய்ச்சி மையம் இன்னொன்றையும் கற்பிக்கிறது. மேலை நாடுகள் மீத்திறன் கணினிகளை விற்பதில் தடை போட்ட காலத்தில், அம்மையம் 1991 முதல் அனுபம் என்ற பெயரில் தானே இணைக்கணினிகளை உருவாக்கியது. பின்னாளைய அனுபம் கணினிகள் லினக்ஸில் இயங்கின. இன்று உலகின் அதிவேகக் கணினிகள் 500-இன் பட்டியலில் 2017 நவம்பர் முதல் அத்தனையும் லினக்ஸே. தன் கணினியின் சாவி தன் கையில் இருக்க வேண்டும் என்பதை அரசு நன்கு அறிந்திருக்கிறது. சுவருக்கு இந்தப் பக்கம் உள்ளவர்களுக்கு அந்த அறிவு பொருந்தாது என்று நினைக்கிறது, அவ்வளவுதான்.

கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் குறையையும் மறைக்க வேண்டியதில்லை. அது பயனரின் சுதந்திரத்தைப் பேசியது. உழைப்பவரைப் பற்றி அதிகம் பேசவில்லை. 2001-இல் லினக்ஸைப் புற்றுநோய்க்கு ஒப்பிட்டவர் மைக்ரோசாஃப்ட்டின் தலைமை அதிகாரி. 2016-இல் அதே நிறுவனம் லினக்ஸ் அறக்கட்டளையில் உறுப்பினராகியது. 2018-இல் நிரலாளர்கள் கூடும் கிட்ஹப்பை 750 கோடி டாலருக்கு வாங்கியது. ஐபிஎம் 3,400 கோடி டாலர் கொடுத்து ரெட் ஹேட்டை வாங்கிய பின், 2023-இல் ரெட் ஹேட் தன் நிறுவனப் பதிப்பின் மூலநிரலை வாடிக்கையாளர்களுக்கு மட்டும் என்று சுருக்கிக்கொண்டது. பொதுவில் குவிந்த உழைப்பு இன்று ஏகபோகத்தின் செலவைக் குறைக்கும் இலவச மூலப்பொருளாகவும் பயன்படுகிறது. 1842-இல் ரைனிஷ் ஜைட்டுங் இதழில் இளம் மார்க்ஸ், காட்டில் விழுந்த சுள்ளிகளைப் பொறுக்கும் ஏழைகளின் வழக்குரிமையைத் திருட்டு என்று ஆக்கிய சட்டத்தைப் பற்றி எழுதினார். இன்று பழுதான கைப்பேசியைத் திறக்கும் தொழிலாளி அதே இடத்தில் நிற்கிறார். 2021-இல் வந்த ஐஃபோன் 13-இன் திரையை வெளியே மாற்றினால் முகமறியும் வசதி நின்றுபோனது. உலகெங்கும் பழுது நீக்குவோர் எழுப்பிய எதிர்ப்புக்குப் பின்னரே ஆப்பிள் இறங்கி வந்தது. திரை பழையதானாலும் புதியதானாலும் கண்ணாடி கண்ணாடிதான். பூட்டு இருந்தது நிரலில்.

அப்படியானால் பூட்டிய கைப்பேசியைத் தோழர்கள் தூக்கி எறிந்துவிட வேண்டுமா? கட்சிக் கிளையின் அறிவிப்பே வாட்ஸ்அப்பில் போகும் காலத்தில் அப்படிச் சொல்வது பொய்ப்பகட்டு. தனிமனிதத் தூய்மையால் எந்தச் சுரண்டலும் ஒழிந்ததில்லை. கேரளத்தில் ஐடி@ஸ்கூல் திட்டம் 2000-களின் தொடக்கத்தில் மைக்ரோசாஃப்ட் மென்பொருளோடுதான் தொடங்கியது. அதை எதிர்த்து நின்றது கேரளப் பள்ளி ஆசிரியர் சங்கமான கேஎஸ்டிஏ. ஆசிரியர்கள் போராடினர், தாமே குனூ/லினக்ஸ் பயின்றனர், பாடநூலை மாற்ற வைத்தனர். 2007-இல் இடது ஜனநாயக முன்னணி அரசின் தகவல் தொழில்நுட்பக் கொள்கை கட்டற்ற மென்பொருளுக்கு முதலிடம் தந்தது. பள்ளிகளின் 2 லட்சம் கணினிகளில் இதனால் சுமார் 3,000 கோடி ரூபாய் மிச்சமாவதாக கைட் நிறுவனம் 2019-இல் கணக்குச் சொன்னது. மாநில மின்வாரியத்தின் பொறியாளர்கள் ஒருமா என்ற கட்டணமிடும் மென்பொருளைக் கட்டற்ற கருவிகளைக் கொண்டு வாரியத்துக்குள்ளேயே எழுதினர். ஆயினும் பெருந்தொற்றுக் காலத்தில் இணையவழி வகுப்புகளுக்கு அதே கேரளம் கூகுளின் தளத்தை நாட வேண்டியிருந்தது. வென்ற களமும் காவல் இல்லாவிட்டால் கைவிட்டுப் போகும்.

தமிழ்நாட்டின் அனுபவம் வேறு. 2006-க்குப் பின் எல்காட் நிறுவனம் உமாசங்கரின் தலைமையில் லினக்ஸுக்கு மாறியபோது அது ஒரு நேர்மையான அதிகாரியின் முயற்சியாகவே இருந்தது. பின்னால் சங்கம் இல்லை, இயக்கம் இல்லை. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸும் சிடாக்கின் பாஸ் லினக்ஸும் ஒரே கணினியில் பக்கம் பக்கமாக வந்தன. சேர்ந்து வாழ்தல் என்பதன் கண்கூடான மாதிரி அது. ஆசிரியருக்குப் பயிற்சி இல்லாமல், கடைக்காரருக்குப் பழக்கம் இல்லாமல், பாடத்தில் இடம் இல்லாமல் பாஸ் பல கணினிகளில் திறக்கப்படாமலே கிடந்தது.

மும்பையில் தோழர்கள் எடுக்கக்கூடிய கோரிக்கைகள் தொலைவில் இல்லை. தவணைக் கடனுக்காகக் கைப்பேசியைப் பூட்டுவதைத் தடை செய்யும்படி ரிசர்வ் வங்கியைக் கேட்பது முதலாவது. வாலிபர் அமைப்பும் மாதர் அமைப்பும் சேர்ந்து கையெழுத்து வாங்கத்தக்க கோரிக்கை இது. மாநகராட்சிப் பள்ளிகளில் பொதுப்பணத்தில் வாங்கும் கணினியில் என்ன மென்பொருள் இருக்கிறது, அதற்கு எவ்வளவு போகிறது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். தமிழ்வழிப் பிரிவு உள்ள பள்ளிகளில் தமிழ் இடைமுகம் தரும் கட்டற்ற மென்பொருள் ஏற்கெனவே ஆயத்தமாக இருக்கிறது, பணம் கொடுக்க வேண்டியதில்லை. பழுது நீக்கும் உரிமைக்காக ஒன்றிய அரசு 2022 டிசம்பரில் ஒரு வலைவாசலைத் திறந்ததோடு நின்றுவிட்டது. உதிரிபாகமும் கையேடும் சாவியும் தர வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் சட்டம் வேண்டும். அதைக் கேட்க வேண்டியவர்கள் இங்கே சிறு கடைகளில் கைப்பேசி பழுது பார்க்கும் இளைஞர்கள். அவர்களுக்கென்று ஒரு சங்கம் அமைக்கும் வேலையைக் கிளைத் தோழர்கள் தொடங்கலாம்.