திரும்பி வந்த பிள்ளைக்கு ஒரு வாங்கு

(நூற்றாண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



வைத்தியர்களான பழைய மாணவிகள் சார்பில் பேசும்படி சங்கம் கேட்டது. நீரிழிவைப் பற்றிச் சொல்வோம் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். சிற்றுண்டிக்கு முன் அது வேண்டாம். ஆட்கடத்தலுக்கு உள்ளாகித் திரும்பி வந்த பிள்ளைகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம்.

கடத்தல் என்றதும் வாகனத்தில் இழுத்துப்போட்டுக் கொண்டுபோவதுதான் நம் மனதில் வரும். எங்களிடம் வரும் பிள்ளைகளில் அநேகர் தெரிந்த ஒருவரோடு பட்டப்பகலில் பஸ் ஏறிப் போனவர்கள். தோட்டத்திலிருந்து கொழும்பு வீடொன்றுக்கு வேலைக்குப் போனவர்கள், கடை வேலை என்று நம்பி வேறெங்கோ போய்ச் சேர்ந்தவர்கள், வயதைக் கூட்டி எழுதிய கடவுச்சீட்டோடு வெளிநாடு போனவர்கள். மூதூர் றிசானா நபீக்கை மறந்திருக்கமாட்டீர்கள். 2005 இல் சவூதிக்குப் போனபோது பிறப்புச் சான்றிதழின்படி அவருக்கு 17 வயது; கடவுச்சீட்டின்படி 23. 2013 ஜனவரியில் அங்கே மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது.

ஐக்கிய நாடுகளின் பலேர்மோ நெறிமுறை 18 வயதுக்குட்பட்டவரிடம் சம்மதித்தாயா என்று கேட்பதில்லை. சுரண்டுவதற்காக அழைத்துச் சென்றாலே அது ஆட்கடத்தல். இலங்கை 2015 இல் அதை ஏற்றுக்கொண்டது. ஊர் இன்னும் ஏற்கவில்லை. "தானே விரும்பிப் போனவள்தானே" என்கிறது.

மீட்கப்பட்ட பிள்ளை பொலிசில் ஒருமுறை, சட்ட வைத்திய அதிகாரியிடம் ஒருமுறை, நீதிமன்றத்தில் ஒருமுறை, நன்னடத்தை உத்தியோகத்தரிடம் ஒருமுறை என்று நடந்ததைச் சொல்லிக்கொண்டே போகிறது. பிறகு வயிற்றுவலி, தலையிடி என்று எங்களிடம் வரும். இரத்தப் பரிசோதனையிலும் ஸ்கானிலும் ஒன்றும் இராது. நித்திரை மட்டும் இராது. அதற்கு எங்களால் ஏதாவது செய்யமுடியும். படலைக்கு வெளியே நின்று எட்டிப் பார்ப்பவர்களுக்கு எங்களிடம் மருந்தில்லை.

உதவி என்று வருவது பெரும்பாலும் தையல் மெஷின். கூடவே ஒரு புகைப்படம். கணக்கில் விருப்பமுள்ள பிள்ளைக்கும் தையல் மெஷின்தான். என்ன படிக்க ஆசை என்று கேட்பவர் குறைவு.

அப்படி ஒரு பிள்ளை 14 வயதில் போய் 16 இல் திரும்பினார். மற்றப் பிள்ளைகள் கெட்டுவிடுவார்கள் என்று ஒரு பாடசாலை மறுத்துவிட்டது. சாதாரண தரத்துக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்றினார். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தன் வீட்டு விறாந்தையில் கணிதம் சொல்லிக் கொடுத்தார். நடந்ததைப் பற்றி ஒரு நாளும் கேட்டதில்லை. பக்கத்து வீட்டுப் பெரியம்மா பஸ் தரிப்பிடம் வரை கூடப் போய்வந்தார். முதல்முறை கணிதம் தவறியது. இரண்டாம்முறை சித்தி. இப்போது ஒரு மருந்தகத்தில் வேலை. இருட்டிய பின் தனியே பஸ் ஏறுவது இன்றைக்கும் அவருக்கு முடியாது. அதனால் முதலாளி அம்மா ஐந்து மணிக்கே அனுப்பிவிடுகிறார். காரணத்தை மற்ற ஊழியர்களிடம் சொன்னதில்லை.

இதெல்லாம் நமக்குப் புதிதல்ல. தொண்ணூறுகளில் இடம்பெயர்ந்து வந்த பிள்ளைகளை விடுகைப் பத்திரம் கேட்காமலே இந்தப் பாடசாலை வாங்கில் இருத்தியது. எங்கள் வகுப்பிலும் இருந்தார்கள். "என்ன நடந்ததென்று ஒருவரும் துருவக்கூடாது" என்று வகுப்பாசிரியை சொல்லிவைத்தார். அவர் இன்று முன் வரிசையில்தான் இருக்கிறார்.

ஆகவே லண்டன், ரொறன்ரோ, மெல்பேர்ன் சகோதரிகளிடம் கேட்பது பெரிய தொகையல்ல. ஒரு பிள்ளையின் பஸ் காசும் டேட்டாவும் இரண்டு வருடத்துக்கு, மாதம் தவறாமல். பணமும் பாடமும் நன்னடத்தை உத்தியோகத்தர் ஊடாகவே போகும். பிள்ளையின் பெயரோ படமோ நன்றிக் கடிதமோ உங்களுக்கு வராது. கடை, அலுவலகம் நடத்துபவர்கள் ஒரு வேலை தாருங்கள். எங்காவது ஒரு வீட்டில் சின்னப் பிள்ளை வேலை செய்வதைக் கண்டால் 1929 க்கு அழையுங்கள். இரவிலும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம்.

சூம் வழியே ஞாயிறு காலையில் கணிதம் கற்பிக்க இரண்டு பேர் பெயர் தந்திருக்கிறார்கள். விஞ்ஞானத்துக்கு இன்னும் ஒருவரும் இல்லை.