நோய்க் காப்புறுதியில் யார் பங்கு எவ்வளவு?

(வட்டவளையில் தோட்டத் தொழிலாளர்களும் ஆசிரியர்களும் சிறுதோட்ட உடைமையாளர்களும் கூடியிருந்த கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



நாவலப்பிட்டியிலிருந்து ஹட்டனுக்கு மலையேறிச் செல்லும் இரயில் பாதையில் அமைந்த இந்த வட்டவளை, இலங்கையிலேயே மிகுந்த மழைபெறும் இடங்களுள் ஒன்று என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். அந்த மழையில் நனைந்து, அட்டைக்கடியும் குளவிக்கொட்டும் பொறுத்து, கூடை சுமந்து நிற்கும் உங்களுக்கு நோய் என்றால் என்னவென்று நான் வந்து சொல்லவேண்டியதில்லை. நான் பேச வந்தது நோயைப் பற்றியன்று. நோய்க்கு வேண்டிய பணத்தை யார், எந்த அளவில் கொடுப்பது என்பதைப் பற்றியே.

எந்தத் தோட்டத்திலும் வைத்தியக் காப்புறுதி என்ற பேச்சு எழுந்தவுடன், பிரட்டுக்களத்தில் பிறக்கும் முதற் கேள்வி, "சம்பளத்தில் எவ்வளவு பிடிப்பார்கள்?" என்பதே. இது நியாயமான கேள்வி. சேமலாப நிதி, சங்கச் சந்தா, முற்பணம், மரண சகாயம் என்று சம்பளச் சீட்டில் பிடித்தங்கள் வரிசையாக நிற்க, கைக்கு வருவது குறைந்துகொண்டே போவதைக் கண்டவர்கள் கேட்கும் கேள்வி அது. ஆனால் அதற்கு முன்னே கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு: "அவர்கள் எவ்வளவு கொடுப்பார்கள்?"

சிலர் சொல்வர்: "அரசாங்க வைத்தியசாலையில் 1951ஆம் ஆண்டு முதல் இலவச வைத்தியம் கிடைக்கிறதே, டிக்கோயாவில் இந்திய உதவியுடன் 150 கட்டில்கள் கொண்ட வைத்தியசாலை கட்டப்பெற்று 2017ஆம் ஆண்டு மே மாதத்தில் திறக்கப்பட்டதே, பின் காப்புறுதி எதற்கு?" நன்று கேட்டனர். இலவச வைத்தியம் இந்நாட்டு மக்களின் பெருஞ் செல்வம். அதை ஒருபோதும் விட்டுக்கொடுத்தல் ஆகாது. ஆயினும் மருந்து இலவசமாயிருந்தாலும் நோய் இலவசமாயில்லை. நாட்கூலிக்கு உழைப்பவர் படுக்கையில் விழுந்தால், அன்றைய பேர் செக்றோலில் விழாது. வைத்தியசாலைக்குப் போகும் வண்டிக் கூலி உண்டு. துணைக்குச் செல்பவரின் நாட்கூலியும் போகும். சில பரிசோதனைகளை வெளியே பணங்கொடுத்துச் செய்யவேண்டிவரும். ஒரு மாதம் நோயுற்றால் மூன்று மாதக் கடன் வளர்கிறது. இந்த இழப்பை ஈடுசெய்வதே நமக்கு வேண்டிய காப்புறுதி. மருந்துச் சீட்டுக்குப் பணம் தருவது மட்டுமன்றி, விழுந்த நாட்கூலிக்கும் ஈடு தருவதாக அது அமையவேண்டும்.

இனி, பங்கு பற்றிய வரலாற்றைச் சிறிது பார்ப்போம். தோட்டத் தொழிலாளியின் வைத்தியச் செலவு முதலாளியின் பொறுப்பு என்பது நேற்று முளைத்த கொள்கையன்று. கோப்பிக் காலத்திலேயே, 1872ஆம் ஆண்டில், தோட்டப் பகுதிகளின் வைத்தியத் தேவைகளுக்கெனக் கட்டளைச் சட்டம் பிறந்து, அதற்கான செலவு தோட்டக்காரர்மீது சுமத்தப்பட்டது. 1912ஆம் ஆண்டின் வைத்தியத் தேவைகள் கட்டளைச் சட்டம் மேலும் ஒருபடி சென்றது. தோட்டத்தில் நோயுற்றவர் எவரென்பதைத் துரை தாமே விசாரித்து அறியவேண்டும் என்றும், பிள்ளைபெற்ற தாய்க்கு ஒரு மாதகாலம் உணவும் உறைவிடமும் அளிக்கவேண்டும் என்றும் அது விதித்தது. அச்சட்டம் தொழிலாளியிடம் இரக்கங்கொண்டு பிறந்ததென்று நான் கூறவரவில்லை. நோயாளியால் கொழுந்து பறிக்க முடியாது என்ற கணக்கும் அதில் இருந்தது. எனினும் கொள்கை நிலைபெற்றது: உழைப்பால் பயன்பெறுவோன் உழைப்பாளியின் உடம்புக்கும் பொறுப்பாளி.

உலகம் சென்ற வழியையும் நோக்குங்கள். 1883ஆம் ஆண்டில் ஜெர்மனியில் பிஸ்மார்க் ஆட்சி கொணர்ந்த நோய்க் காப்புறுதிச் சட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தொழிலாளியும் ஒரு பங்கை முதலாளியும் செலுத்தினர். 1911ஆம் ஆண்டில் பிரித்தானியா இயற்றிய சட்டத்தில் ஆண் தொழிலாளி வாரத்துக்கு 4 பென்ஸ், முதலாளி 3 பென்ஸ், அரசாங்கம் 2 பென்ஸ் எனப் பங்கிட்டனர். 1952ஆம் ஆண்டில் சர்வதேசத் தொழில் தாபனம் தனது 102ஆவது சமவாயத்தில் ஓர் எல்லைக்கோடு கிழித்தது. தொழிலாளரையும் அவர்தம் குடும்பத்தையும் காக்கும் நிதியில் தொழிலாளர் செலுத்தும் கட்டுப்பணம் பாதிக்கு மேற்படலாகாது என்றும், சிறு வருவாயினருக்கு அது துன்பமாதல் கூடாது என்றும் அச் சமவாயம் கூறுகிறது.

நம் நாட்டிலேயே இதற்கொரு முன்மாதிரி உண்டு. 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் தொடக்கத்தில் தொழிலாளிக்கு நூற்றுக்கு 4, முதலாளிக்கு 6 என விதித்தது. இன்று அது 8உம் 12உம் ஆகியுள்ளது. தொகை இரட்டித்தும் விகிதம் மாறவில்லை: தொழிலாளிக்கு இரண்டு பங்கு, முதலாளிக்கு மூன்று பங்கு. 1980ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த ஊழியர் நம்பிக்கை நிதியத்திலோ தொழிலாளி ஒரு சதமும் செலுத்துவதில்லை. 3 வீதம் முழுவதும் முதலாளியுடையது. அந்நிதியத்திலிருந்து இருதய சத்திரசிகிச்சைக்கும், சிறுநீரக மாற்றுக்கும், கண்வில்லை பொருத்துவதற்கும் உதவிபெறும் உரிமை உங்களுக்கு உண்டு. இதை எத்தனைபேர் அறிவீர்கள்? அறிந்த எத்தனைபேர் விண்ணப்பித்தீர்கள்? இங்கே வந்திருக்கும் ஆசிரியர்கள், அவ்விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுப்பதைத் தங்கள் தொண்டுகளில் ஒன்றாகக் கொள்ளவேண்டுகிறேன்.

கடல்கடந்து இந்தியாவைப் பார்ப்போம். அங்கே 1948ஆம் ஆண்டின் ஊழியர் அரசாங்கக் காப்புறுதிச் சட்டத்தின் கீழ், 2019ஆம் ஆண்டு யூலை 1ஆம் திகதி கட்டுப்பணம் குறைக்கப்பட்டது. தொழிலாளியின் பங்கு கூலியில் 1.75 வீதத்திலிருந்து 0.75 ஆயிற்று; முதலாளியின் பங்கு 4.75இலிருந்து 3.25 ஆயிற்று. நாட்கூலி 176 இந்திய ரூபாய்க்கு மேற்படாத ஏழைத் தொழிலாளியிடம் ஒன்றும் பெறுவதில்லை. முதலாளி மாத்திரம் தன் பங்கைச் செலுத்தியாக வேண்டும். நோயுற்ற தொழிலாளிக்கு ஆண்டில் 91 நாள்வரை கூலியில் 70 வீதம் கொடுக்கப்படும் என்பது அத்திட்டத்தின் விதி. ஆயினும் ஒன்றை மறைத்தல் ஆகாது: நீலகிரியிலும் வால்பாறையிலும் உள்ள நம் உறவினர் இந்தத் திட்டத்தினுள் வளர்ந்தவரல்லர். அவர்களுக்கு வைத்திய வசதி அளிக்கும் கடமையை 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் நேரே தோட்ட முதலாளிமீது வைத்தது. ஆலைத் தொழிலாளிக்குக் காப்புறுதி, தோட்டத் தொழிலாளிக்குத் தோட்டத்து ஆஸ்பத்திரி என்று இரண்டு வழிகள் பிரிந்தன.

இப்பொழுது கணக்குப் போடுவோம். எளிமைக்காக நாட்கூலி 1,500 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தாய் மாதத்தில் 20 நாள் வேலைசெய்தால் 30,000 ரூபாய். மழை மிகுந்த மாதத்தில் 10 நாளே பேர் விழுந்தால் 15,000 ரூபாய். தோட்டத்தில் ஒரு மேலாளரின் சம்பளம் 1,50,000 ரூபாய் என்று கொள்வோம். தலைக்கு 600 ரூபாய் என ஒரே அளவாகக் கட்டுப்பணம் பிடித்தால், முதல் மாதத்தில் அத்தாய் கொடுப்பது நூற்றுக்கு 2 வீதம். மழை மாதத்தில் 4 வீதம். மேலாளர் கொடுப்பதோ அரை வீதத்திலும் குறைவு. எல்லோருக்கும் சமம் என்று சொல்லப்படும் இக்கட்டணத்தில் ஏழை கொடுப்பதே அதிகம்! அதுவும் நோயுற்று வேலைக்குப் போகாத மாதத்தில்தான் சுமை இரட்டிக்கிறது.

மாறாக, கூலியில் இத்தனை வீதம் என்று வைத்து, இந்திய அளவைப் பின்பற்றினால், 30,000 ரூபாய்க்குத் தொழிலாளி 225 ரூபாயும் முதலாளி 975 ரூபாயும் செலுத்த, 1,200 ரூபாய் நிதியில் சேரும். அதே 1,200ஐச் சேமலாப நிதியின் விகிதத்தில் பிரித்தால் தொழிலாளிக்கு 480, முதலாளிக்கு 720. பாதி பாதி என்றால் 600. ஆகவே, பாதி என்பது உலகம் வகுத்த எல்லை. ஐந்தில் இரண்டு என்பது நாம் பழகிய அளவு. ஐந்தில் ஒன்று என்பது நாம் கேட்கவேண்டிய அளவு.

"ஒன்றுமே கொடுக்கமாட்டோம் என்று சொன்னால் என்ன?" என்று கேட்பாரும் உளர். நான் அதற்கு உடன்படேன். ஜெர்மனியில் மூன்றில் இரண்டு பங்கு செலுத்திய தொழிலாளர், அந்நிதியின் நிருவாகத்திலும் மூன்றில் இரண்டு பங்கு இடம் பெற்றனர். பணம் கொடுத்தவன் கணக்குக் கேட்கலாம். முழுவதையும் கம்பனி கொடுத்தால், எந்தக் காப்புறுதி நிறுவனம், எந்த நோய்க்கு எவ்வளவு என்பதையெல்லாம் கம்பனியே தீர்மானிக்கும். நாம் அந்தப் பத்திரத்தைக் கண்ணாலும் காணமாட்டோம். சிறு பங்கு கொடுத்து, நிருவாகத்தில் சரிபாதி இடம் பெறுவதே அறிவுடைமை.

இன்னொரு வாதமும் உண்டு. முதலாளியின் பங்கு என்பது பெயரளவில்தான், ஈற்றில் அவன் அதைக் கூலியிலேயே குறைத்துக்கொள்வான் என்பர் பொருளியலார். இதில் உண்மை உண்டு. ஆனால் தோட்டத்தில் ஆகக்குறைந்த கூலியைச் சம்பளச் சபை நிர்ணயிக்கிறது. அதன்கீழ் இறங்க முதலாளியால் ஆகாது. அப்படியானால் அவர் வேறு வழி பார்ப்பார்: பறிக்கவேண்டிய கிலோவைக் கூட்டுவார், வேலைநாளைக் குறைப்பார். ஆகவே கட்டுப்பணம் பற்றிய எந்த உடன்பாட்டிலும் கொழுந்தின் அளவும் வேலைநாளின் எண்ணிக்கையும் சேர்த்தே எழுதப்படல் வேண்டும்.

எங்கே எழுதுவது? இதுதான் இன்றைய இடர். சம்பளச் சபை 2021ஆம் ஆண்டு மார்ச்சில் 1,000 ரூபாய் நாட்கூலியை நிர்ணயித்ததைத் தொடர்ந்து, பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகள் கூட்டொப்பந்தத்திலிருந்து விலகின. கூலியைச் சபை தீர்மானிக்கலாம். வைத்தியம், நலன்புரி முதலியவற்றைப் பேசி எழுதிய ஏடு மூடப்பட்டது. மேலும், தேயிலை நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துத் தொழிலாளியிடம் ஒப்படைத்து, வருமானத்தில் பங்கு தரும் முறை சில தோட்டங்களில் பரவுகிறது. நிலம் கையில் வருகிறதென்று மகிழ்வோர் உண்டு, மகிழ்ச்சி நியாயமே. ஆனால் தொழிலாளி "பங்காளி" ஆன அன்றே, அவருக்கு முதலாளி இல்லை என்றாகிவிடக்கூடும். முதலாளி இல்லையேல் முதலாளியின் பங்கும் இல்லை. 12 வீதமும் இல்லை, 3 வீதமும் இல்லை. நோய் வந்தால் முழுச் சுமையும் ஒரே தலையில்! பெயர் எதுவாயினும், கொழுந்தை வாங்கும் கம்பனி தன் பங்கைச் செலுத்தவேண்டும் என்று சட்டம் கூறவேண்டும்.

இங்கே வந்திருக்கும் சிறுதோட்ட உடைமையாளர்களுக்கும் ஒரு வார்த்தை. இரண்டு மூன்று பேரைக் கூலிக்கு வைத்துக் கொழுந்து பறிப்பிக்கும் நீங்களும் அவர்களுக்கு முதலாளிகளே. சுமை உங்களுக்குப் பெரிதென்பதை மறுக்கமாட்டேன். அங்கேதான் அரசாங்கத்தின் மூன்றாவது பங்கு வரவேண்டும். 2025ஆம் ஆண்டு நவம்பரில் முன்வைக்கப்பட்ட வரவுசெலவுத் திட்டத்தில், தோட்டத் தொழிலாளியின் வரவுக்கு நாளொன்றுக்கு 200 ரூபாயை அரசாங்கமே கொடுப்பதென முன்மொழியப்பட்டது. கூலிக்குத் தோள்கொடுக்க முன்வந்த அரசு, நோய்க்கும் தோள்கொடுக்கக் கூடாதா?

ஆகவே, தோழர்களே, காப்புறுதித் திட்டம் எதுவும் உங்கள் முன் வருமாயின் ஐந்து கேள்விகள் கேளுங்கள். கட்டுப்பணம் தலைக்கா, கூலியின் வீதத்திலா? தொழிலாளியின் பங்கு ஐந்தில் ஒன்றுக்கு மேற்படுமா? பேர் குறைந்த மாதத்தில் முதலாளியே செலுத்துவாரா? ஓய்வுபெற்று லயத்தில் வாழும் முதியவருக்கும் பிள்ளைகளுக்கும் காப்பு உண்டா? நிருவாகத்தில் நமக்கு இடம் உண்டா? இவற்றோடு ஒன்று: தோட்டத்து டிஸ்பென்சரியையும் விபத்து நட்டஈட்டையும் மகப்பேற்று உரிமையையும் இதைக் காட்டிக் கழித்துவிட விடாதீர்கள். அவை முன்பே நமக்கு உரியவை. காப்புறுதி அவற்றின்மேல் சேரவேண்டியது.

விடை கிடைக்குமுன் கையெழுத்து வைக்காதீர்கள். விடை கிடைத்தால், 225 ரூபாயை மனமுவந்து கொடுங்கள். கொடுத்துவிட்டுக் கணக்குக் கேளுங்கள்.